யு எழுத்துப் பாட்டுகள்

நிஷி சாரைத் தகனம் செய்த மறுநாள், விளக்கு வைக்கிற நேரத்தில், மாதவி நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த மளிகைக்கடை தங்கப்பாண்டி அப்படியே வாயைத் திறந்து ஜப்பான் மொழியில் பாட ஆரம்பித்தார். பாடிக்கொண்டே பொட்டலம் கட்டினார், பாடிக்கொண்டே மீதிச் சில்லறை கொடுத்தார், வாங்க வந்த பெண் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அண்ணாச்சி உளுந்தும் அரைக்கிலோ என்றாள், அதையும் பாடிக்கொண்டே நிறுத்தார். அதே நேரத்தில் எதிர்வீட்டு ஹெலன் டீச்சர் ஜெபம் பண்ண முழங்காலிட்டவர், கர்த்தரே என்று வாயெடுத்து அது வராமல் வேறொரு ஜப்பான் பாட்டைப் பாடினார். மோட்டார் போடப் போன துரைக்கண்ணு சுவிட்சில் கை வைத்தபடியே ஒன்று பாடினார். அவர் மனைவி அம்சவேணி, சாமி விளக்கு ஏற்றத் தீக்குச்சி கிழித்தவள், குச்சி விரலைச் சுடுகிறவரைக்கும் ஒன்று பாடினாள், சுட்ட பிறகும் பாடினாள். ஆளுக்கு ஒரு பாட்டு, ஒருத்தர் பாட்டு இன்னொருத்தருக்கு வரவில்லை. எல்லாம் முடிந்ததும் தங்கப்பாண்டி ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கடையைச் சீக்கிரமே சாத்தினார்.

நான் அந்தத் தெருக்காரன் இல்லை. எனக்கு இரண்டாவது குறுக்குத் தெரு, அதுவும் வாடகை வீடு. ஆகையால் எந்தப் பக்கமும் சாயாமல் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன், கொஞ்சம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வாடகைக்கு இருக்கிறவனுக்கு வேறு எதுவும் சொந்தமில்லை, வாய் ஒன்றுதான் சொந்தம்.

நிஷி சாரின் முழுப்பெயர் நிஷிமுரா. ஏரிப்பாக்கம் தாண்டி நெடுஞ்சாலையோரம் வரிசையாக நிற்கிற தொழிற்சாலைகளில் ஒன்றில், காருக்குப் போகிற பிரேக் சாமான்களைக் கையால் தடவிப் பார்த்தே இது போகலாம் இது ஆகாது என்று பிரித்துப்போடுகிற வேலை அவருக்கு. அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, காதோரம் மட்டும் முடி. மற்ற ஜப்பான்காரர்களெல்லாம் சென்னையில் அடுக்குமாடியில் இருந்துகொண்டு குளுகுளு காரில் வந்து போக, இந்த மனிதர் மட்டும் எங்கள் ஊரிலேயே, அம்சவேணி வீட்டு மாடியில் வாடகைக்கு வந்து உட்கார்ந்தார். சாயந்திரம் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, கேட்டைத் திறந்து, கீழே நின்று, "வேணிம்மா, வெந்நீர்" என்பார். அந்த ரெண்டு வார்த்தைதான் அவர் தமிழில் பிசகாமல் சொல்லுவார், மற்றதெல்லாம் சிரிப்பும் சைகையும். ஒருதடவை துரைக்கண்ணு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, ஆம்புலன்ஸ் வருகிறவரை எதற்குக் காத்திருப்பது என்று இந்த மனிதர் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை ஓடினார், துரைக்கண்ணு லேசுப்பட்ட ஆளில்லை, பார்த்தவர்கள் இன்னும் சொல்லுவார்கள்.

குளித்து முடித்து, லுங்கி கட்டி, மொட்டைமாடியில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் நின்று பாடுவார். குரல் சுமார்தான், மேலே போனால் உடையும், கீழே வந்தால் காணாமல் போகும். ஆனால் பாடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். அவர்கள் ஊரில் பாட்டுக்கடை என்று ஒன்று உண்டாம், அறை எடுத்து உட்கார்ந்து மைக்கைப் பிடித்துப் பாடிவிட்டு வரலாமாம், அங்கே பாட்டுகளைத் தலைப்பின் முதல் எழுத்தை வைத்து அடுக்கியிருப்பார்களாம். அவர் மண்டைக்குள்ளும் பாட்டுகள் அப்படித்தான் அடுக்கியிருந்தன. அ எழுத்தில் ஆரம்பித்தார். ஓர் எழுத்தில் தெரிந்த பாட்டெல்லாம் தீராமல் அடுத்த எழுத்துக்குப் போகமாட்டார், தீர்ந்தபின் திரும்பியும் வரமாட்டார். கா எழுத்து ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியது. நு எழுத்தில் ஒன்றிரண்டுதான் இருந்தது போலிருக்கிறது, சட்டென்று தீர்ந்துபோனதில் அவருக்கே வருத்தம். யா முடிந்து யு பிறந்த அன்றைக்குத் துரைக்கண்ணுவிடம் விரலை மடக்கி மடக்கிக் காட்டினார், இன்னும் கொஞ்ச எழுத்துதான் பாக்கி என்று. யு எழுத்தில் ஒரே ஒரு பாட்டுத்தான் பாடினார். மறுநாள் வேலையிடத்தில் மிஷின் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. மாதவி நகரில் வீடு வாடகைக்கு விடும்போது ஹவுஸ் ஓனர்கள் சில விஷயங்கள் சொல்லுவார்கள். சுவரில் ஆணி அடிக்காதீங்க, தண்ணியைப் பார்த்துச் செலவு பண்ணுங்க, விருந்தாளி ரொம்ப நாள் தங்கக்கூடாது. கடைசியாக, அட்வான்ஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தணித்து, தப்பா நினைக்காதீங்க, வீட்டுல பெரியவங்க முடியாம இருந்தா முன்னாடியே ஊருக்கு அனுப்பிடுங்க என்பார்கள். புரிந்துகொள்ளுகிறவர்கள் புரிந்துகொள்ளுவார்கள். வாடகை வீட்டில் பிள்ளை பெறலாம், சீமந்தம் செய்யலாம், பிணத்தை மட்டும் இறக்கக்கூடாது. என் மாமனாரைக்கூடக் கடைசி நேரத்தில் அப்படித்தான் மூச்சோடு வேனில் ஏற்றிச் சொந்த ஊருக்குக் கொண்டுபோனோம். வழியில் செங்கல்பட்டு தாண்டவில்லை.

நிஷி சாருக்கு ஊர் எங்கே என்று எல்லாருக்கும் தெரியும், அனுப்ப முடியாது என்பதும் தெரியும். மறுநாள் தகனம் செய்யத்தான் அனுமதி கிடைத்திருந்தது. அன்று சாயந்திரம் மட்டும் உடலை அவர் அறையில் வைத்திருந்தால் தொழிற்சாலைப் பையன்கள் வந்து மாலை போட்டுப் போவார்கள் என்று, ஐஸ் பெட்டியோடு ஒரு வண்டியில் கொண்டுவந்தார்கள். கூட வந்தவள் மேகலா, அங்கே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற பெண், வாலாஜாபாத்துக்காரி. அம்சவேணி கேட்டுக்கு உள்ளே நின்றாள். மறுநாள் காலையில் அவள் மகள் சுகந்திக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டார் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பத் தயாராக இருந்தார்கள், வீட்டில் மாவிலை கட்டியாகிவிட்டது, சமையல்காரர் காய்கறி இறக்கிவிட்டார்.

"நாளைக்குக் காலைல பொண்ணுக்கு நிச்சயம்மா. நீயே சொல்லு, நான் என்ன செய்யட்டும்?" என்றாள்.

வண்டியின் பின்கதவு திறந்திருந்தது, உள்ளே பெட்டியின் கண்ணாடி வழியாக நிஷி சாரின் காலுறை தெரிந்தது. அம்சவேணி அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டாள். மேகலாவும் டிரைவரும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள், கேட்டருகில் ஒரு ரெண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள், அதற்கடுத்த வீட்டுக்கும் போனார்கள். ஹெலன் டீச்சர் வீட்டில் ஜெபக்கூட்டம் இருந்தது. தங்கப்பாண்டியின் மருமகள் முழுகாமல் இருந்தாள். இன்னொரு வீட்டில் பேரனுக்கு அம்மை. காரணமெல்லாம் நிஜந்தான், ஒன்றுகூடப் பொய்யில்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. வண்டி தெருக்கோடியில் டிரான்ஸ்பார்மர் பக்கம், குப்பை கொட்டுகிற காலி மனையில் போய் நின்றது. வாடகைக்குக் குடியிருக்கிறவர்களில் சிலர் போய்ச் சுற்றி நின்றார்கள், அவர்களுக்கு வீடு இருந்தும் திறந்துவிடச் சொந்தமாக ஒரு கேட் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. தொழிற்சாலைப் பையன்கள் சகதியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் பின் ஒருவராக வந்து மாலை போட்டார்கள். விளக்கு வைக்கிற நேரம் தாண்டிய பிறகு வண்டி கிளம்பிப் போயிற்று.

அதன் மறுநாள்தான் தகனம். அதற்கும் மறுநாள் நான் முதலில் சொன்னேனே, அது ஆரம்பித்தது.

இப்படி ஒன்று உங்கள் தெருவில் நடந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப்பாருங்கள். முதல் வாரம் பயந்தார்கள். அங்காளம்மன் கோயில் பூசாரியைக் கூட்டிவந்தார்கள், அவர் வேப்பிலையோடு வீடு வீடாக நின்று பாட்டுகளைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பேய் என்றால் ஏதாவது கேட்கும், கோழி கேட்கும், சாராயம் கேட்கும், புடவை கேட்கும், இது ஒன்றும் கேட்கவில்லையே, எனக்கு இதில் வேலையில்லை என்று தட்சிணைகூட வாங்காமல் போய்விட்டார். ரெண்டாவது வாரம் மறைக்கப் பார்த்தார்கள், டிவியை அலறவிட்டார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள், ஒருத்தர் அந்த நேரத்தில் பஸ் ஏறித் தாம்பரம் போய்ப் பார்த்தார், பாட்டு பெருங்களத்தூரில் பிடித்துக்கொண்டு பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மூன்றாவது வாரம் பழகிப்போயிற்று. பால்காரர் நேரத்தை மாற்றிக்கொண்டார். அந்த நேரத்தில் போன் பண்ணக்கூடாது என்று சொந்தக்காரர்கள் தெரிந்துகொண்டார்கள். மாமியாரும் மருமகளும் உச்சத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே பாட்டு வந்துவிடும், இருவரும் ஒருத்தரையொருத்தர் முறைத்தபடியே ஆளுக்கொன்று பாடுவார்கள், முடிவதற்குள் எங்கே விட்டோம் என்று இருவருக்கும் மறந்துவிடும். டியூஷன் பிள்ளைகள் எந்த வீட்டுப் பாட்டை வேண்டுமானாலும் பாடிக் காட்டின. பக்கத்து நகர்களிலிருந்து ஆட்கள் குடும்பத்தோடு கேட்க வர, வேர்க்கடலை வண்டி ஒன்று நிரந்தரமாக வந்து நின்றது.

அப்புறம் பெருமை வந்துவிட்டது, அதுதான் நம்மாட்களிடம் எனக்குப் பிடிக்காதது. நமக்கு ஏதோ அருள் இறங்கியிருக்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள். நிஷி சார் நம்ம தெருவை மறக்கலை பாத்தியா என்றார்கள். கவுன்சிலர் வந்து பொன்னாடை போர்த்தினார், பிளக்ஸில் ஒவ்வொரு வீட்டுக்காரர் முகமும் வட்டத்துக்குள் வந்தது. குடக்கூலிக்காரர்களுக்கு இந்தப் பாட்டு வரவில்லை என்பதைப் பார்த்து, இதெல்லாம் சொந்த மண்ணுள்ளவனுக்குத்தான் வரும் என்று தங்கப்பாண்டி கடைவாசலில் வைத்தே சொன்னார். நானும் அங்கே சீரகம் வாங்க நின்றிருந்தேன், கேட்டுக்கொண்டு பேசாமல் வந்தேன்.

ஒருநாள் சாயந்திரம் மேகலா வந்தாள். ஆபீஸில் கேள்விப்பட்டு, சரி என்னதான் என்று பார்க்க வந்திருக்கிறாள். பிளக்ஸுக்குக் கீழே நின்று கேட்டவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சூழ்ந்துகொண்டு என்னம்மா அர்த்தம் என்றார்கள். ஹெலன் டீச்சர் பாடுகிறது பனியைப் பற்றி, அவங்க ஊர்ல பனிக்கு யுகி என்று பேர் என்றாள். தங்கப்பாண்டி அண்ணாச்சி பாடுகிறது அல்லி மாதிரி ஒரு பூவைப் பற்றி, அது யுரி. துரைக்கண்ணு சார் பாடுகிறது கனவு, யுமே. கோடிவீட்டில் பாடுகிறது விரலோடு விரல் கோத்துச் சத்தியம் பண்ணுகிற பாட்டு, விரலுக்கு யுபி. அம்சவேணி ஆன்ட்டி பாடுகிறது வெந்நீர், வெந்நீருக்கு வெறும் யு. எல்லாப் பாட்டுக்கும் தலைப்பு ஒரே எழுத்தில் ஆரம்பிக்கிறது என்றாள். துரைக்கண்ணுவுக்கு அவர் விரல் மடக்கிக் காட்டியது ஞாபகம் வந்து, யு எழுத்துதான் அவர் பாதியில் விட்டது, மிச்சத்தை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எல்லாரிடமும் சொன்னார். கூட்டத்தில் கைதட்டினார்கள்.

மேகலா கைதட்டவில்லை. அவள் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்தாள், இந்த வீட்டில் பாட்டு வருகிறதா, இந்த வீட்டில், இந்த மாடியில் என்று விசாரித்தாள். ஒரு வீட்டுக்காரர் மட்டும் சொந்த வீடு இருந்தும் பாடவில்லை, அவர் அன்றைக்குத் திருப்பதி போயிருந்தார். எல்லாம் விசாரித்து முடித்துத் திரும்பி வந்து, தாழ்ந்த குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அன்னிக்கு நான் போய் நின்ன கேட்டெல்லாம்தான் பாடுது."

வேர்க்கடலைக்காரர் வாணலியில் கரண்டி தட்டுவதை நிறுத்திவிட்டார். அன்று ராத்திரியோடு பிளக்ஸை யாரோ கழற்றிவிட்டார்கள், யார் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அந்தத் தெரு பட்ட கேவலத்தை என்னவென்று சொல்லுவது. பாட்டு நிற்கவில்லையே. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் இந்த வீட்டில் கதவைச் சாத்தினார்கள் என்று அந்த வீடே வாய்விட்டுச் சொல்லுகிற மாதிரி ஆகிவிட்டது. ஹெலன் டீச்சர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிறவர், கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். தங்கப்பாண்டி குடக்கூலிக்காரர் யார் வந்தாலும் முகத்தைப் பார்க்காமலே நிறுத்துக் கொடுத்தார், எடை மட்டும் ஒரு பிடி கூடவே இருந்தது. வாடகைக்கு இருக்கிறவர்கள் வெளியில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் பாட்டு நேரத்தில் பால்கனியில் வந்து நின்று காபி குடித்தார்கள், நானும் அதற்காகவே நாலு நாள் நண்பன் வீட்டு பால்கனிக்குப் போனேன், ஐந்தாம் நாள் எனக்கே அசிங்கமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

அம்சவேணிதான் எல்லாரையும்விட நொறுங்கிப்போனாள். சுகந்தியின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது, ஆனால் மறுவீட்டு விருந்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விளக்கு வைக்கிற நேரம் வந்துவிட, பரிமாறிக்கொண்டிருந்தவள் சாம்பார் வாளியோடு நின்று வெந்நீரைப் பாடினாள். பக்கத்திலிருந்த பெண் காதோடு காதாக ஏதோ சொல்ல, சம்பந்தியம்மா இலையை மூடிவிட்டு எழுந்தாள். "நீங்களுமா அதுல?" என்று அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டது. அதற்கப்புறம் அம்சவேணி மகள் வீட்டுக்குப் போகவில்லை, மகளும் ரொம்பக் கூப்பிடவில்லை. மாடியை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. கணவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினவனை, எட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாள் போட்டேனே என்று என் மனைவியிடம் ஒருதடவை சொல்லி அழுதாளாம். அழுகிற நேரத்திலும் பாட்டு வந்துவிட்டதாம், அழுகையோடு பாடினாளாம்.

இப்படி இருக்கும்போது தொழிற்சாலை மேலாளர், மேகலாவையும் கூட்டிக்கொண்டு, அம்சவேணி வீட்டுக்கு வந்தார். நிஷி சாரின் மகள் கஸுமி ஜப்பானிலிருந்து வருகிறாள், அப்பா கடைசியாக இருந்த இடத்தைப் பார்த்து, அவரை நன்றாக அனுப்பிவைத்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்கிறாள் என்றார். நன்றாக அனுப்பிவைத்தவர்கள் யார் என்று துரைக்கண்ணு விழித்தார். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்கு நாங்கள் வேறு எப்படிச் சொல்ல முடியும், அவர் அறையிலேயே கிடத்தி, தெருவே சுற்றி உட்கார்ந்து, மாலை போட்டு அனுப்பினோம் என்று சொல்லியிருக்கிறோம், ஒரு சாயந்திரம் நீங்கள் அதை அப்படியே காப்பாற்றிக் கொடுத்தால் போதும் என்றார். தெரு முழுக்கச் சம்மதித்தது. இதில் ஒருத்தருக்குக்கூட மாற்று அபிப்பிராயம் இல்லை. பொய்தான், ஆனால் ஒருநாளாவது நல்லவர்களாக இருந்து பார்க்கலாமே என்கிற ஆசை என்று நினைக்கிறேன், அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மாடி அறைக்கு வெள்ளையடித்தார்கள். தொழிற்சாலையிலிருந்து நிஷி சாரின் பெரிய படம் வந்தது, சந்தனமாலை போட்டுச் சுவரில் மாட்டி, கீழே குத்துவிளக்கு வைத்தார்கள். ஹெலன் டீச்சர் கேக் செய்து அனுப்பினார். தங்கப்பாண்டி சர்பத்துக்கு எலுமிச்சம்பழம் அனுப்பினார்.

கஸுமிக்கு நாற்பது வயதிருக்கும், அப்பாவின் அதே ஒல்லி, சாம்பல் நிறச் சுடிதார் மாதிரி ஏதோ போட்டிருந்தாள். கேட்டுக்குள் வந்ததும் குனிந்து வணங்கினாள், படியேறினதும் வணங்கினாள், அறைக்குள் போய் அப்பா படத்துக்கு முன்னால் மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கி, அப்படியே கிடந்தாள். எழுந்து அம்சவேணியின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேசினாள். மேகலா சொன்னாள், எங்கப்பாவுக்குச் சொந்தம்னு யாரும் பக்கத்துல இல்ல, நீங்க இருந்தீங்க, உங்க வீட்டுலேர்ந்து போனார்ங்கிறதுதான் எனக்கு ஆறுதல்ங்கிறாங்க ஆன்ட்டி. பையிலிருந்து துணியில் சுற்றின ஒரு பொட்டலத்தை எடுத்து ரெண்டு கையாலும் நீட்டினாள்.

அம்சவேணியின் முகத்தில் ஈயாடவில்லை. கையை நீட்டவும் இல்லை. மேலாளர் பின்னாலிருந்து வாங்கிக்கோங்கம்மா வாங்கிக்கோங்க என்றார்.

"இங்க இல்லன்னு சொல்லும்மா," என்றாள் அம்சவேணி.

மேகலா மேலாளரைப் பார்த்தாள், அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. மேகலா ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னாள், கஸுமி சிரித்து மறுபடி வணங்கினாள். சொன்னது வேறு என்று அம்சவேணிக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் வேலை முக்கியமல்லவா, அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளவும் தோன்றவில்லை. கஸுமியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து, படியிறங்கினாள். வேணி என்ன பண்ற, வேணி, என்று துரைக்கண்ணு இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து கேட்டருகில் நின்றுவிட்டார். பெரிய மனுஷியை ஒரு சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போகிற மாதிரி அம்சவேணி தெருவில் கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு கேட்டாகத் தாண்டினாள். சர்பத்தும் கேக்கும் வைத்துக்கொண்டு முகம் நிறையச் சிரிப்போடு வாசலில் நின்றவர்கள், அவள் போகிற திசையைப் பார்த்ததும் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். நாங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் முனையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிரான்ஸ்பார்மர் பக்கம், காலி மனையில், பிளாஸ்டிக் குப்பைக்கும் எருக்கஞ்செடிக்கும் நடுவில் நிறுத்தினாள்.

"இங்கதான் உங்கப்பா இருந்தாரு. வண்டியோட. என் வீட்டுக்குக் கொண்டாந்தாங்க, நான் தெறக்கல. இவங்க யாருமே தெறக்கல. மொதல்ல தெறக்காதது நான்தான். மேகலா, இத அப்படியே சொல்லு, உனக்குப் புண்ணியமா போகும்."

மேகலா இந்தத் தடவை மேலாளரைப் பார்க்கவில்லை. சொன்னாள். சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று, நடுவில் ஒருதடவை நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கஸுமி அம்சவேணியின் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள், அங்கே என்ன தெரியும், ஒரு உடைந்த வாளியும் பழைய செருப்பும்தான் கிடந்தன. பொட்டலம் இன்னும் கையிலேயே இருந்தது. பிறகு ஏதோ ஒரு வார்த்தை கேட்டாள்.

"மழை பெஞ்சுதான்னு கேக்கிறாங்க," என்றாள் மேகலா.

"பெஞ்சுது," என்றாள் அம்சவேணி.

அப்போது விளக்கு வைக்கிற நேரம் வந்துவிட்டது. தெரு பாட ஆரம்பித்தது, ஹெலன் டீச்சர் பனியை, தங்கப்பாண்டி பூவை, கேட்டருகே நின்றபடியே துரைக்கண்ணு கனவை. அம்சவேணியின் வாயும் திறந்துகொண்டது. செத்தவனின் மகள் முன்னால் நின்று, அவன் கடைசியாகப் பாடாமல் விட்டதைத் தன் வாயால் பாடுவதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்று இருந்ததாம் அவளுக்கு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வெந்நீரைப் பாடினாள். பாடும்போதே பக்கத்தில் இன்னொரு பாட்டு கேட்டது. அந்தப் பாட்டு அந்தத் தெருவில் அதுவரை எந்த வீட்டிலும் வந்ததில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள்.

கஸுமி பாடிக்கொண்டிருந்தாள். துக்கத்தில் அவளும் கூடச் சேர்ந்து பாடுகிறாள், அவள் பாஷைதானே என்றுதான் முதலில் நினைத்தாளாம். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முதல் நாள் தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு தான் எப்படி விழித்தாளோ அதே விழிப்பு. கஸுமி பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு ரெண்டு கையாலும் வாயைப் பொத்தினாள், பாட்டு விரலிடுக்கு வழியாக வந்தது. தெருவே அவளைப் பார்த்தது, பாடிக்கொண்டே பார்த்தது, பாடுகிற வாயால் யாரும் எதுவும் கேட்க முடியாதே. எல்லாருக்கும் முன்னால் முடிந்தது அவள் பாட்டுதான், சின்னப் பாட்டு. முடிந்ததும் அந்தக் குப்பையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேகலா குனிந்து அவள் தோளில் கை வைத்துக் கேட்டாள். மிகவும் மெல்ல, கஸுமி பதில் சொன்னாள். மேகலா அதைச் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"வேலை முடிஞ்சு உன்கூட வந்து இருக்கட்டுமான்னு அப்பா கேட்டாராம். வீடு சின்னது, இடமில்லப்பான்னு சொல்லிட்டாங்களாம்."

பரவாயில்லம்மா என்று சொல்ல அம்சவேணிக்கு வாய் வரை வந்தது. அதைச் சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று விழுங்கிக்கொண்டாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு அவளும் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள், இருவரும் முகத்தோடு முகம் பார்த்துக்கொள்ளவில்லை, நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.